நகரும் வீடும் நகராத கோளும்

நுழையும்முன்

வீட்டை விட்டுப் புறப்படுவதே பயணம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ வீட்டையே உடன்கொண்டு உலகைச் சுற்றுவோர் பலர் உள்ளனர். ஊரும் கோபுரமும் இல்லாத பெருவெளியில் அத்தகையோர் நிற்கும்போது உலகோடு அவர்களை இணைப்பது ஒரு சிறு தட்டு. அதனைத் தேர்ந்தெடுப்பதிலும் நிறுவுவதிலும் கணிதமும் அறிவியலும் பொறுமையும் ஒன்றுகூடுகின்றன. வகுப்பறையில் கற்ற கோணங்கள் வாழ்வில் பயன்படும் விதத்தை இப்பாடம் விளக்குகிறது.

சக்கரத்தின்மேல் ஓர் இல்லம்

பரப்பளவில் உலகின் ஆறாவது பெரிய நாடு ஆஸ்திரேலியா. ஏறத்தாழ 77 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்துள்ள அந்நாட்டில், சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக நால்வர்கூட வாழவில்லை. மக்களுள் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டிய நகரங்களில் குடியிருக்கின்றனர். செம்மண்ணும் புதர்க்காடும் பாலையுமாகக் கிடக்கும் உள்நிலம் ‘அவுட்பேக்’ என வழங்கப்பெறுகிறது. வடக்கே டார்வின் நகரில் தொடங்கித் தெற்கே போர்ட் அகஸ்டாவில் முடியும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளமுடையது. நாட்டின் தென்பகுதியில் செல்லும் ஏர் நெடுஞ்சாலையில் 146.6 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு வளைவுகூட இல்லை.

இத்தகைய நிலத்தில் பயணம் செய்வோருக்கு உற்ற துணை ‘மோட்டார் ஹோம்’ எனப்படும் இல்ல ஊர்தி. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, நீர்த்தொட்டி ஆகியவற்றோடு அமைந்த நகரும் வீடு அது. பணி ஓய்வுக்குப்பின் இவ்வாறு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றிவரும் முதியோரை ‘நரைமுடி நாடோடிகள்’ என்று அந்நாட்டினர் அன்போடு அழைக்கின்றனர்.

நகரத்தைவிட்டுச் சில பத்துக் கிலோமீட்டர் சென்றதுமே பல இடங்களில் அலைபேசித் தொடர்பு அறுந்துவிடும். தொலைக்காட்சிக் கோபுரத்தின் அலைகளும் எட்டா. வடபகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். அப்போது ஆறுகள் பெருகிச் சாலைகள் மூடப்படுவதுண்டு. தென்பகுதியின் கோடையில் காட்டுத்தீ பரவுவதுண்டு. எந்தச் சாலை மூடப்பட்டுள்ளது, தீ எத்திசையில் நகர்கிறது என்பதை அறியாமல் பயணத்தைத் தொடர்வது உயிருக்கே இடர் தரும். 2019-2020ஆம் ஆண்டுகளில் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவை வாட்டிய பெருந்தீயின்போது, மின்சாரம் தடைப்பட்டதால் பல அலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. தரையிலுள்ள கோபுரம் வீழ்ந்தாலும் விண்ணிலுள்ள கோள் வீழ்வதில்லை. ஆகவே, இல்ல ஊர்தியின் பக்கத்தில் நிற்கும் தட்டினைப் பொழுதுபோக்குக் கருவி என்று மட்டும் கருதிவிட இயலாது.

விண்ணில் நிற்கும் கோள்

நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளைச் செலுத்தினால், அது புவியை ஒருமுறை சுற்றிவர 23 மணி 56 நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். புவி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் காலமும் அதுவே. நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தாலும், தரையிலிருந்து காண்போருக்கு அக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகவே தோன்றும். எனவே இது புவிநிலைச் செயற்கைக்கோள் எனப்படுகிறது. கோள் நகராமல் நிற்பதால், வீட்டுக் கூரையில் பொருத்திய தட்டினை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். நாள்தோறும் இடம்மாறும் இல்ல ஊர்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. கோள் நிற்கிறது, வீடு நகர்கிறது. தங்குமிடம் மாறுந்தோறும் கோளைப் புதிதாகத் தேடிக் காணவேண்டிய தேவை இதனால் எழுகிறது.

ஆஸ்திரேலியாவின் முதல் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளான ‘ஆசாட்’ 1985ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில் ‘டிஸ்கவரி’ விண்ணோடத்தின் வழியாக விண்ணில் செலுத்தப்பட்டது. அதுவரை தொலைக்காட்சியைக் காணாத உள்நிலச் சிற்றூர்களுக்கும் அதனால் ஒளிபரப்பு எட்டும் நிலை உண்டானது. அதேவேளையில் தொல்குடி மக்களிடையே ஓர் அச்சமும் எழுந்தது. விண்ணிலிருந்து பொழியும் ஆங்கில நிகழ்ச்சிகள் தம் மொழிகளையும் பண்பாட்டையும் மூழ்கடித்துவிடுமோ என அவர்கள் கவலையுற்றனர். நடு ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் ஊடகச் சங்கம் முன்னின்று முயன்றதன் விளைவாக, அவர்களுக்கே உரிமையான ‘இம்பார்ஜா’ தொலைக்காட்சி 1988ஆம் ஆண்டு சனவரியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. அரண்டா மொழியில் காலடித்தடம் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். செயற்கைக்கோளின் அலைகள் விழும் நிலப்பரப்பையும் பொறியாளர் ‘காலடித்தடம்’ என்றே வழங்குவது எண்ணி மகிழத்தக்கது.

கோபுர அலைகள் எட்டாத இடங்களுக்கு எண்மத் தொலைக்காட்சியை வழங்குவதற்காக, 2010ஆம் ஆண்டில் அரசின் நிதியுதவியோடு ‘வாஸ்ட்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. கிழக்கு 156 பாகை நெட்டாங்கில் நிலைகொண்ட ‘ஆப்டஸ்’ செயற்கைக்கோள்கள் வழியாக இதன் நிகழ்ச்சிகள் வருகின்றன. திங்கள்தோறும் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. ஆனால், இதற்கென உருவாக்கப்பட்ட செட்-டாப் பெட்டியும் இசைவும் தேவை. பயணம் செய்வோரும் பதிவுசெய்துகொண்டு குறிப்பிட்ட காலத்திற்கு இசைவு பெறலாம். தொலைக்காட்சியோடு வானொலி நிலையங்கள் சிலவும் இதில் கிடைக்கின்றன.

தட்டின் இயல்பு

செயற்கைக்கோளிலுள்ள ஓர் ஒளிபரப்பியின் ஆற்றல் ஏறத்தாழ நூறு வாட்டு அளவினதே. அவ்வாற்றல் ஒரு கண்டம் முழுவதும் பரவி விழும்போது, ஓர் இடத்தில் கிடைக்கும் அலை மிகமிக மெல்லியதாகிவிடுகிறது. அதனைத் திரட்டி ஒரு புள்ளியில் குவிப்பதே தட்டின் பணி. பரவளைய வடிவில் வளைந்த பரப்பில் இணையாக வந்து விழும் அலைகள் யாவும் எதிரொளித்துக் குவியத்தில் சேர்கின்றன. மழைநீரை அகன்ற கூரையில் ஏந்திக் குழாய் வழியே குடத்தில் சேர்ப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

குவியத்தில் பொருத்தப்பட்டுள்ள சிறு கருவியை மக்கள் ‘எல்.என்.பி.’ என்று வழங்குகின்றனர். அலைகளை மிகுந்த இரைச்சல் சேராமல் பெருக்குவதும், அவற்றின் அதிர்வெண்ணைக் குறைத்து வடத்தின் வழியே அனுப்புவதும் அதன் இரு பணிகள். ஆஸ்திரேலியச் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் 12.25 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ளது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வடத்தில் சில மீட்டர் செல்வதற்குள் நலிந்துவிடும். எனவே, எல்.என்.பி. அதிலிருந்து 10.7 கிகாஹெர்ட்ஸைக் கழித்து அனுப்புகிறது. உலகின் எல்லா நாடுகளிலும் இந்த எண் ஒன்றாக இல்லை. எல்.என்.பி.யின்மீது பொறித்துள்ள எண்ணும் செட்-டாப் பெட்டியில் பதிவுசெய்த எண்ணும் ஒத்திருந்தால்தான் படம் தெரியும்.

தேர்ந்தெடுத்தல்

தட்டினை வாங்குவோர் முதலில் வினவவேண்டுவது விலையை அன்று, செல்லவிருக்கும் இடத்தையே. செயற்கைக்கோளின் அலை எல்லா இடங்களிலும் ஒரே வலிமையோடு விழுவதில்லை. மக்கள் மிகுதியாக வாழும் தென்கிழக்குப் பகுதியில் பொதுவாக 65 செ.மீ. விட்டமுள்ள தட்டு போதுமானது. வடக்கிலும் மேற்கிலுமுள்ள தொலைநிலங்களுக்கு 80 முதல் 90 செ.மீ. வரை தேவைப்படும். விட்டம் 65-இலிருந்து 85 செ.மீ. ஆகும்போது பரப்பு ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. திரட்டும் அலையும் அதே அளவு கூடுகிறது. மழைமேகம் குறுக்கிட்டு அலை நலியும் வேளையில் இந்தக் கூடுதல் வலிமை கைகொடுக்கும்.

எனினும் பெரிய தட்டே எப்போதும் சிறந்தது எனக் கொள்ளலாகாது. தட்டு பெரிதாக ஆக, அதன் பார்வை குறுகும். 65 செ.மீ. தட்டின் பார்வை ஏறத்தாழ இரண்டரைப் பாகை அகலமுடையது. 85 செ.மீ. தட்டுக்கோ அது இரண்டு பாகையே. பெரிய தட்டினைக் கோளை நோக்கி நிறுத்துவது கடினம். காற்றும் அதனை எளிதில் தள்ளும். ஊர்தியினுள் அதனை வைக்க இடமும் வேண்டும்.

நிறுவும் முறையை ஒட்டி, இல்ல ஊர்திக்குரிய தட்டுகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, கூரையில் நிலையாகப் பொருத்தப்பட்டு, பொத்தானை அழுத்தியதும் தானே எழுந்து கோளைத் தேடிக்கொள்வது. இது எளிமையானது, விலையோ மிக அதிகம். இரண்டாம் வகையும் கூரையிலேயே அமைந்திருக்கும். ஊர்தியினுள் இருந்தபடி கைப்பிடியைச் சுழற்றி அதனை உயர்த்தவும் திருப்பவும் வேண்டும். தட்டினைத் தாழ்த்த மறந்து ஊர்தியை ஓட்டினால் அது முறிந்துபோகும். மூன்றாம் வகை, முக்காலியின்மேல் தரையில் நிறுத்தும் தனித்தட்டு.

வெயில் கடுமையான நாட்டில் மூன்றாம் வகைக்குத் தனிச்சிறப்பு உண்டு. பயணி மரநிழலை நாடுவார். தட்டோ திறந்தவெளியை நாடும். இலைகளிலுள்ள ஈரம் அலைகளை உறிஞ்சிவிடுவதால் மரத்தின் ஊடே கோளைக் காண இயலாது. கூரைத் தட்டினை உடையவர் நிழலையோ செய்தியையோ இரண்டில் ஒன்றை இழக்க நேரிடும். தனித்தட்டினை உடையவர் ஊர்தியை நிழலில் நிறுத்திவிட்டு, பத்துப் பதினைந்து மீட்டர் வடத்தின் உதவியால் தட்டினை வெட்டவெளியில் நிறுத்தலாம். இதற்கென நாள்தோறும் சற்று உழைக்கவேண்டும் என்பதே அதன் குறை.

மூன்று கோணங்கள்

வானில் ஒரு கோளைக் குறிவைக்க மூன்று கோணங்கள் தேவை. கிடைத்தளத்தில் எத்திசை நோக்குவது என்பதைச் சொல்வது திசைக்கோணம். கிடைத்தளத்திலிருந்து எவ்வளவு மேல்நோக்குவது என்பதைச் சொல்வது ஏற்றக்கோணம். அலையின் தளவிளைவுக்கு ஏற்ப எல்.என்.பி.யை எவ்வளவு திருகுவது என்பதைச் சொல்வது திருகுக்கோணம். ஆஸ்திரேலியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளதால், அங்குள்ள தட்டுகள் வடதிசை வானை நோக்குகின்றன. கிழக்கு 156 பாகையிலுள்ள கோளுக்குரிய கோணங்கள் ஊருக்கு ஊர் மாறுவதைக் கீழ்க்காணும் பட்டியல் காட்டும். திசைக்கோணம் உண்மை வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி அளக்கப்பட்டுள்ளது.

சிட்னி: திசைக்கோணம் 9 பாகை, ஏற்றக்கோணம் 50 பாகை
கெய்ன்ஸ்: திசைக்கோணம் 32 பாகை, ஏற்றக்கோணம் 67 பாகை
ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: திசைக்கோணம் 45 பாகை, ஏற்றக்கோணம் 53 பாகை
பெர்த்: திசைக்கோணம் 58 பாகை, ஏற்றக்கோணம் 33 பாகை
டார்வின்: திசைக்கோணம் 65 பாகை, ஏற்றக்கோணம் 57 பாகை

திசைகாட்டியின் முள் காட்டுவது காந்த வடக்கையே. அஃது உண்மை வடக்கு அன்று. இவ்விரண்டுக்கும் இடையேயான கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். சிட்னியில் இது கிழக்கே ஏறத்தாழ 12½ பாகை. எனவே, உண்மை வடக்கிலிருந்து 9 பாகை கிழக்கே உள்ள கோளைத் தேடுபவர், திசைகாட்டியின்படி வடக்கிலிருந்து மூன்று நான்கு பாகை மேற்கே நோக்கவேண்டும். இந்தத் திருத்தத்தை மறந்தவர் எவ்வளவு முயன்றாலும் கோளைக் காணமாட்டார். ஏனெனில், அவ்வளவு தொலைவில் ஒரு பாகைப் பிழை 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விலகலாகிவிடுகிறது.

நிறுவும் முறை

இடத்தைத் தேர்வதே முதற்பணி. கோள் இருக்கும் திசையில் மரமோ குன்றோ மறைக்கின்றதா எனக் காணவேண்டும். இங்கே கோணவியல் துணைபுரிகிறது. தட்டினைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த மரம் ஒன்று எதிரே நிற்பதாகக் கொள்வோம். ஏற்றக்கோணம் 53 பாகையாக உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், மரத்திலிருந்து ஏழரை மீட்டருக்கு அப்பால் தட்டினை நிறுத்தினால் போதும். 33 பாகையாக உள்ள பெர்த்தில் பதினைந்தரை மீட்டருக்கு மேல் விலகவேண்டும்.

அடுத்து, முக்காலியை உறுதியாக ஊன்றி, ரசமட்டத்தின் உதவியால் அதன் நடுத்தண்டு செங்குத்தாக நிற்கிறதா எனச் சரிபார்க்கவேண்டும். பலரும் புறக்கணிக்கும் படி இதுவே. தண்டு சாய்ந்திருந்தால் தட்டின்மீது குறித்துள்ள ஏற்றக்கோண அளவு பொய்யாகிவிடும். தட்டினை இடம் வலமாகத் திருப்பும்போது அது மேலும் கீழுமாகவும் அலையும். முக்காலியின் கால்களை முளையடித்து இறுக்கவோ, நீர்ப்பையைத் தொங்கவிட்டு நிறுத்தவோ வேண்டும்.

பின்னர், ஏற்றக்கோணத்தையும் திருகுக்கோணத்தையும் பட்டியலில் கண்டவாறு அமைத்துத் திருகாணிகளை இறுக்கவேண்டும். இவ்வகைத் தட்டுகளில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்புறமாக விலகியிருப்பதால், தட்டின் முகம் உண்மையில் நோக்கும் திசையைவிட இருபது பாகைக்கும் மேலாகத் தாழ்ந்து தோன்றும். பெர்த்தில் நிறுத்திய தட்டு மரஉச்சிகளைப் பார்ப்பதுபோல் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். அதனைப் பிழையென எண்ணி மேலும் சாய்த்துவிடலாகாது. தண்டிலுள்ள அளவுகோலையே நம்பவேண்டும்.

வடத்தை இணைத்த பிறகே பெட்டிக்கு மின்சாரம் தரவேண்டும். எல்.என்.பி.க்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட்டு மின்னழுத்தம் அதே வடத்தின் வழியாகச் செல்கிறது. இணைப்பியில் நடுக்கம்பியும் வெளிப்பின்னலும் தொட்டுக்கொண்டால் குறுக்குச்சுற்று உண்டாகிப் பெட்டி பழுதாகக்கூடும்.

இறுதியாகத் திசையைத் தேடவேண்டும். ஊர்தியின் இரும்பு திசைகாட்டியைத் திசைதிருப்பும் என்பதால் சில மீட்டர் தள்ளி நின்று திசையைக் குறித்துக்கொள்வது நன்று. குறித்த திசைக்குச் சற்று முன்னிருந்தே தொடங்கி, தட்டினை ஒவ்வொரு பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் காத்திருக்கவேண்டும். எண்ம அலையைப் பெட்டி இனங்கண்டுகொள்ள அந்தக் காலம் தேவை. விரைந்து திருப்புவோர் கோளைக் கடந்துசென்றதையே அறியமாட்டார்.

திரையில் ‘வலிமை’, ‘தரம்’ என இரு அளவுகள் தோன்றும். வலிமை மட்டும் உயர்ந்தால் போதாது. 152, 160 பாகைகளிலும் வேறு கோள்கள் நிற்பதால், நான்கு பாகை தவறினால் அண்டைக் கோளின் அலை வந்து சேரும். தரத்தின் அளவு உயர்ந்து, உரிய நிகழ்ச்சி தோன்றும்போதே தேடல் நிறைவுபெறுகிறது. அதன்பின் இடம் வலமாகவும் மேல் கீழாகவும் மிகச் சிறிதளவு அசைத்து, தரம் உச்சத்தைத் தொடும் நிலையில் இறுக்கிவிடவேண்டும்.

கருத்தில் கொள்ளவேண்டியவை

மின்கம்பிகளுக்கு அருகில் தட்டினை நிறுத்தலாகாது. இடிமின்னல் நெருங்கும்போது, அது வந்து சேருமுன்பே வடத்தைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடவேண்டும். நடப்போர் தடுக்கி விழாதவாறு வடத்தை ஓரமாகக் கொண்டுசெல்லவேண்டும். செல்லும் ஊர்களுக்குரிய கோணங்களை அலைபேசித் தொடர்பு உள்ளபோதே குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வது அறிவுடைமை. கோளைக் காட்டும் செயலிகள் பல இருப்பினும், தொடர்பற்ற வெளியில் அவற்றை நம்பியிருப்போர் தவிக்க நேரிடலாம்.

மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. இந்தத் தட்டு கேட்கும், பேசாது. தீயும் வெள்ளமும் வருவதை அது அறிவிக்கும். ஆனால், இடரில் சிக்கியவரின் குரலை வெளியுலகுக்குக் கொண்டுசெல்ல அதனால் இயலாது. அதற்குச் செயற்கைக்கோள் தொலைபேசியோ, 406 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் உதவிக்குறி அனுப்பும் கருவியோ உடனிருத்தல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் புவிக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றிவரும் ‘ஸ்டார்லிங்க்’ கோள்கள் இருவழி இணையத்தை வழங்குகின்றன. 2021 முதல் இச்சேவை ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கிறது. இதற்குரிய தட்டையான பலகை, விரைந்து நகரும் கோள்களை மின்னணு முறையில் தானே பின்தொடர்கிறது. எனினும், இதற்குத் திங்கள்தோறும் கட்டணம் உண்டு. மின்கலத்திலிருந்து இது எடுக்கும் மின்சாரமும் மிகுதி. கதிரவன் தரும் மின்சாரத்தை எண்ணிச் செலவிடும் பயணிக்கு அதுவும் ஒரு கணக்கே. எனவே, தேவையையும் வசதியையும் சீர்தூக்கிச் சிலர் பழைய தட்டினையும், சிலர் புதிய பலகையையும், சிலர் இரண்டையும் கொண்டுசெல்கின்றனர்.

கருவி எதுவாயினும் அடிப்படை ஒன்றே. தான் நிற்கும் இடத்தின் குறுக்காங்கும் நெட்டாங்கும், வடக்கு இருக்கும் திசையும், தரையின் மட்டமும் அறிந்தவருக்கே கோள் அகப்படுகிறது. மாலைதோறும் புதியதோர் இடத்தில் முக்காலியை ஊன்றும் பயணி, விண்ணைத் தேடுமுன் தன் இடத்தை அளந்தறிகிறார். மறுநாட்காலைப் பயணம் தொடரலாமா, காத்திருக்கலாமா என்பதற்கு விடை அந்த ஒரு பாகைத் துல்லியத்தில் அடங்கியிருக்கிறது.

தெரியுமா?

புவிநிலைச் சுற்றுப்பாதையில் மூன்று கோள்களை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்னும் கருத்தை 1945ஆம் ஆண்டு ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் விளக்கி எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். இங்கிலாந்தில் பிறந்த அவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தார். 1964ஆம் ஆண்டு விண்ணில் செலுத்தப்பட்ட ‘சின்காம் 3’ முதல் புவிநிலைச் செயற்கைக்கோளாகும். அவ்வாண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளின் காட்சிகள் அதன் வழியாக அமெரிக்காவை எட்டின.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் தெருவிலுள்ள வீடுகளின் கூரைத் தட்டுகள் எத்திசையை நோக்கியுள்ளன எனக் கண்டறிந்து எழுதுக. ஆஸ்திரேலியத் தட்டுகள் வடதிசை வானை நோக்குவதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கான காரணத்தை விளக்குக.
2. ஏற்றக்கோணம் 50 பாகையாக உள்ள இடத்தில், தட்டினைவிட 12 மீட்டர் உயர்ந்த மரத்திலிருந்து எவ்வளவு தொலைவுக்கு அப்பால் தட்டினை நிறுத்தவேண்டும் எனக் கணக்கிடுக.
3. ‘புதிய ஊடகம் வரும்போது சிறுபான்மை மொழிகள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள்’ என்னும் தலைப்பில் இம்பார்ஜாவைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.